அவெர்ட்

விடிகாலை நாலே முக்கால், சமயநல்லூர் கேட்.
பரவை மார்க்கெட்டுக்குக் கத்திரிக்காய் ஏற்றிய ஆட்டோ
தண்டவாளத்தில் ஏறி நின்றுபோனது.
சிவப்பு விளக்கை ஆட்டிக்கொண்டே
ஜல்லிமேல் செருப்பில்லாமல் ஓடினேன்.
எண்பதடி தள்ளி நின்றது சரக்கு ரயில்.
இறங்கி வந்த டிரைவர் தண்ணீர் கேட்டார்.
சொம்பு அவர் கையில் நடுங்கியது.

பதிவேட்டில் இங்கிலீஷில்தான் எழுதணுமாம்.
ஸ்டேஷன் மாஸ்டர் போனில் எழுத்தெழுத்தாகச் சொன்னார்:
ஆக்சிடெண்ட் அவெர்ட்டட். கேட்கீப்பர் விருமாயி.
இரண்டு முறை அடித்து எழுதினேன்.

பகலில் தூக்கம் வரவில்லை.
செல்போன் அகராதியைத் திறந்தேன்.
விலக்கு. தடு. வராமல் திருப்பு.
கீழே ஓர் உதாரணம்:
அவள் தன் கண்களை அவெர்ட் செய்தாள்.

ரயிலுக்கும் கண்ணுக்கும் ஒரே வினையா?
நம்மூரில் இதற்குக்
கண்டும் காணாமல் என்று பேர்.

மூணு மாதமாக மாடிப் போர்ஷனில்
கிளாடிஸின் தலை சுவரில் மோதுகிறது.
நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைக்கிறேன்.
காலையில் படியில் எதிர்ப்பட்டால்
அவள் உதட்டைப் பார்க்காமல்
குழாயைப் பார்த்துக் கேட்கிறேன்,
தண்ணி வந்துச்சா கிளாடிஸ்?
அதையும் பதிவேட்டில் ஏற்றலாம்:
அவெர்ட்டட். விருமாயி. ராத்திரி பத்து பத்து.

ஐந்நூறு ரூபாய் ரிவார்டு வருமென்று
மத்தியானம் போன் வந்தது.

இன்று எனக்கு டூட்டி இல்லை.
மேலே நாற்காலி இழுபடுகிறது.
டிவியை அணைத்தேன்.
விளக்கு கேட்டில் இருக்கிறது,
கொடியும் அங்கேதான்.
வெறுங்கையோடு படியேறுகிறேன்.
இப்போதும் செருப்பு போட மறந்துவிட்டேன்.