பழுது இல்லை

லெட்சுமாங்குடியிலிருந்து விடியும்போதே போன்:
மெஷின் செத்துப்போச்சு, உடனே வாங்க.
நீடாமங்கலம் கேட்டில்
என்ஜின் மாற்றிக்கொண்டிருந்த ரயிலுக்காக
அரைமணி நேரம் வண்டியை அணைத்துவிட்டு நின்றேன்.
போய்ப் பார்த்தால்
சாகவில்லை. பூட்டிக்கொண்டிருந்தது.

திரையின் ஓரத்தில் எள்ளளவு ஒரு சாவிப் படம்.
குழந்தைப் பூட்டு என்றேன்.
"இந்த வூட்ல ஏது தம்பி குழந்த?
நானு, ஒரு பூன"
என்றார் பல்கீஸ்.
மெஷின் மேலே விரித்திருந்த பூப்போட்ட துணியை
நாலாய் மடித்துக் கையில் வைத்திருந்தார்.

துடைத்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.
வலது மூலையை மூன்று விநாடி அழுத்தித் துடைத்தால்
அது தன்னைப் பூட்டிக்கொள்ளும்.
அசட்டையாகத் துடைப்பவர்களை
ஒன்றும் செய்யாது.

திறக்க இரண்டு பொத்தான்களைச் சேர்த்துப் பிடிக்க வேண்டும்.
எந்த இரண்டு என்பது பொத்தானில் இல்லை.
புத்தகத்தில் இருக்கிறது, நாற்பத்து மூன்றாம் பக்கம்,
சீனத்தில், அரபியில், இன்னும் நாலு பாஷையில்.
கண்ணாடி போட்டுக்கொண்டு
அரபியில் ஒரு வரியைத் தடங்காமல் வாசித்தார்.
"ஓத வருது. அர்த்தந்தான் தெரியாது."

என் பையில் டெஸ்டர், ஸ்பேனர், டேப்,
கூடவே ஒரு சிவப்பு நெயில் பாலிஷ்.
அதை முதன்முதலில் பையில் பார்த்த வாரம்
என் மனைவி எனக்கு ரசஞ்சோறு மட்டும் போட்டாள்.
இப்போது தீர்ந்தால் அவளே வாங்கி வைக்கிறாள்.
இரண்டு பொட்டு வைத்தேன்.
இதையும் இதையும். மூணு வரைக்கும் எண்ணுங்க.

பூவனூரில் கலியமூர்த்தி வீட்டு இன்வெர்ட்டர்
பேட்டரி தீர்ந்தாலும் கீ என்கிறது
லோடு கூடினாலும் கீ
கரண்ட் வந்துவிட்டால் அந்தச் சந்தோஷத்துக்கும்
அதே கீ.
"மாடு கத்துனா பசியா தாகமான்னு சொல்லிப்புடுவேன்,
இதுக்கு என்ன வேணுங்குது?"
உரக்கணக்கு நோட்டின் பின்பக்கத்தில்
மணி போட்டு எழுதி வைத்திருந்தார்:
2.10, கீ. 2.40, கீ கீ. 3.05, தூங்கிட்டேன்.

வடுவூரில் நடவு முடித்து வந்த மங்கையர்க்கரசி
கண்ணாடிப் பலகைமேல் விரலை வைக்கிறார்,
எடுக்கிறார், முந்தானையில் துடைத்து மறுபடி வைக்கிறார்.
உலர்ந்த விரல் கேட்கிறது அது.
தண்ணீரில் துவைக்கிற இயந்திரம்.
எப்படித்தான் ஓட்டுகிறீர்கள் என்றேன்.
குனிந்து
மூக்கு நுனியால் அழுத்திக் காட்டினார்.
ஓடியது.
இருவரும் சிரித்தோம், நான் சற்றுப் பிந்தி.

திரும்பும்போது மூணாறு தலைப்பில் நிறுத்தினேன்.
சக்கரத்தை இப்படிச் சுற்றினால் பலகை ஏறும்
அப்படிச் சுற்றினால் இறங்கும்,
தண்ணீர் எத்தனை அடி என்று சுவரிலேயே கோடு.
பார்த்துக்கொண்டே
கம்பெனி ஆப்பைத் திறந்தேன்.
அன்றன்றைய கணக்கை அன்றன்றே ஏற்றிவிட வேண்டும்.

பழுது என்ன?
அது தரும் பதில்கள் மூன்று:
பாகம் மாற்றப்பட்டது.
வாடிக்கையாளர் தவறு.
பழுது இல்லை.
நாலாவதாக ஒன்று இருக்குமோ என்று
கட்டைவிரலால் இழுத்து இழுத்துப் பார்த்தேன்.
பல்கீஸ் செய்த தவறு, துடைத்தது.
மற்ற இருவர் செய்ததை இன்னும் யோசிக்கிறேன்.

மூன்றுக்கும் 'பழுது இல்லை' போட்டேன்.
உடனே ஒரு பெட்டி எழும்பிக் கேட்டது:
ரத்து செய்வதை ரத்து செய்ய விரும்புகிறீர்களா?
சரி. ரத்து.
இரண்டும் ஒரே நீலம்.

கீழே பாமணியாறு கோரையாறு வெண்ணாறு,
எதையும் கேட்காமல் பிரிந்துகொண்டிருந்தன.
விரலைத் தூக்கியபடி நான் நிற்கையில்
போன் அடித்தது.
"தம்பி, பல்கீஸ் பேசுறேன்.
நானே பூட்டி நானே தொறந்து பாத்துட்டேன்.
நாலு தடவ!"
குரலில் அப்படி ஒரு மிடுக்கு.

வைத்துவிட்டுப் பார்த்தேன்.
படிவம் வெள்ளையாக இருந்தது,
பெயர் என்ன என்ற முதல் கேள்வியிலிருந்து.