ஏழாம் எண் கோட்டு

முதலில் அது வெறும் காடாத் துணி.
வூச் நகரம், நவம்பர்,
பழைய நூற்பாலையின் மூன்றாம் மாடி.
ஹீட்டரையும் இஸ்திரிப் பெட்டியையும்
ஒன்றாகப் போட்டால் ஃபியூஸ் போய்விடும்.
உள்ளாடையோடு மரப்பெட்டி மேல் நிற்கிறேன்.
மணிக்கு இவ்வளவு என்று
என் அளவுகளுக்குக் கூலி.

ஹால்ஷ்காவின் வாய் நிறையக் குண்டூசி.
உதடு ஒட்டாத எழுத்துகளில்தான் பேச்சு.
"கையைத் தூக்கு."
தூக்கினேன்.
டர்ரென்று கிழிந்தது கைக்குழி.
ஓட்டுத் தையல்தானே, போகட்டும்.
ஆனால் இது நாலாவது தடவை.

விதோல்த் படத்தைச் சுவரில் ஒட்டி
வெறித்தபடியே ரொட்டி தின்றான்.
படத்தில் அந்தக் கை கத்தி போல் இறங்குகிறது.
படத்திலிருக்கும் பெண்ணுக்கு அக்குளே இல்லை.
எனக்கு இரண்டு உண்டு.

சாக்பீஸ் கோட்டுக்கும் கம்பளிக் கோட்டுக்கும் நடுவே
பதினோரு வாரம்.
ஐந்தாம் எண் பாவாடை ரத்தாயிற்று.
வராத பொத்தான்கள் கடைசியில்
தவறான நிறத்தில் முந்நூறு வந்தன.
வங்கிக்காரனோடு படிக்கட்டில் நின்று பேசிய ஹால்ஷ்கா
திரும்பி வந்து, ஒன்றும் சொல்லாமல்,
என் அக்குளில் சாய்சதுரமாய் ஒரு துண்டு வைத்தாள்.
உள்ளங்கை அகலம். வெளியே தெரியாது.
தூக்கு என்றாள்.
தூக்கினேன்.
கீழ் விளிம்பு அசையவில்லை.
யாரும் கைதட்டவில்லை.
விதோல்த் மட்டும் எழுந்து போய்
ஹீட்டரை அணைத்தான், இஸ்திரி போட.

காட்சிக்கு ட்ராம் பணிமனை.
ட்ராம்களை எல்லாம் வெளியே ஓட்டியிருந்தார்கள்.
ஏழாம் எண், என்னைவிட ஒரு சாண் உயரமான
ஒருத்தி மேல் ஏறிப் போனது.
கைகளைத் தொங்கவிட்டபடி நடந்தாள், திரும்பினாள்.
பதினெட்டு வினாடி.
அவளைக் குற்றம் சொல்ல முடியாது,
அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி ஏது?
திரைக்குப் பின்னால்
ஸ்டீமரோடு நான்.

விளக்குகளைக் கழற்றும் நேரம்
போஸ்னானிலிருந்து வந்த கடைக்காரி ஒருத்தி
ஸ்வெட்டர் மேலேயே அதைப் போட்டுப் பார்த்தாள்.
போட்டது மறந்து
உயர ஆணியில் மாட்டியிருந்த
தன் தொப்பியை எட்டி எடுத்தாள்.
அவள் கண் தொப்பியில்தான் இருந்தது.
ஹால்ஷ்கா என் முழங்கையைக் கிள்ளினாள்,
வலித்தது.

பன்னிரண்டாம் நம்பர் ட்ராமில் உட்கார இடமில்லை.
கம்பியைப் பிடித்தேன்.
என் கோட்டு, போன வருடத் தள்ளுபடியில் வாங்கியது,
அக்குளில் இழுத்து
இடுப்புவரை ஏறி நின்றது.
ஆறு நிறுத்தம்
அப்படியே குளிர் வாங்கிக்கொண்டு வந்தேன்.