முப்பத்து நான்கு காட்டியது

எஞ்சினின் செவுள்களுக்கு
வெள்ளிச் சாயம் அடிக்கக் கேட்டான் குணாளன்.
"புதுசு மாதிரி மினுங்கணும், தில்லை.
செலவு பாக்காத."

பக்கத்துப் பட்டறை ஹோக் செங்
கிரீஸ் விரலை ஆட்டினார்:
சாயம் என்பது கம்பளி.
பிறை வெயிலில் யாராவது
கம்பளி போர்த்துவார்களா?
டயர் வாங்க வந்த ஹஸ்புல்லா
கறுப்புத்தான் சூட்டைக் கக்கும் என்றார்.
அவர் மாமா கப்பலில் இருந்தவராம்.
ஒரு கோப்பி ஆறும்வரை சண்டை.
கோப்பியை யாரும் குடிக்கவில்லை.

நான் சாயம் அடிப்பவள்.
இருபத்திரண்டு வருடமாக
எதையாவது மூடித்தான் சம்பாதிக்கிறேன்.
மூடினால் உள்ளே என்ன ஆகும் என்று
ஒருநாளும் பார்த்ததில்லை.
அன்று இரவு அது உறுத்தியது.

நான்கு டின்கள், சார்டின் தின்று கழுவியவை.
ஒன்றைத் தேய்த்துத் தேய்த்து நிலாவாக்கினேன்.
ஒன்று மங்கல் கறுப்பு. ஒன்று வெள்ளை.
நான்காவதற்கு ஏழு பூச்சு,
அது ஹோக் செங்கின் கம்பளி.
காய்ந்ததும் கொதிநீர் ஊற்றி, அட்டையால் மூடி,
சமையல் வெப்பமானியை
மாற்றி மாற்றி முக்கினேன்.

நாற்பது நிமிடம்.
கறுப்பும் வெள்ளையும் ஒரே எண்ணில் நின்றன.
கண்ணுக்குத்தான் அவை எதிரெதிர்,
சூட்டுக்கு அந்தப் பகை தெரியாது.
கம்பளியும் அவற்றோடு சேர்ந்தே இறங்கியது,
எனக்கே கொஞ்சம் ஏமாற்றம்.
பிடித்ததை விடாமல்
கடைசியில் வந்தது
ஒன்றும் பூசாத நிலா.

மறுபடி கொதிநீர் ஊற்றி
மேசை விசிறியைத் திருப்பினேன்.
நான்கும் ஓடின,
ஏறக்குறையத் தோளோடு தோள்.
கம்பளி மட்டும் ஒரு நூல் பின்னால்.
காற்று வாரிக்கொண்டு போகும்போது
மேல்பூச்சை அவ்வளவாகப் பார்ப்பதில்லை.

மூன்றாம் முறை, சும்மா,
தூரத்திலிருந்து சூடு பார்க்கும்
துப்பாக்கியை நீட்டினேன்.
கறுப்பு எண்பத்தொன்பது.
வெள்ளை எண்பத்தெட்டு.
நிலா முப்பத்து நான்கு.

நம்பித் தொட்டேன்.
விரல் நுனி இன்னும் வழுவழுவென்று இருக்கிறது.

மினுங்கும் உலோகம் தன் சூட்டைச் சொல்லாது.
எதிர்ச் சுவரின் சூட்டை,
குனிந்து பார்க்கும் என் முகத்தின் சூட்டை
வாங்கித் தன்னுடையதாய்ச் சொல்லும்.

மறுநாள் குணாளனிடம் கேட்டேன்:
வண்டி ஓடுமா, நிற்குமா?
அதைப் பொறுத்துத்தான் பதில்.
தினமும் பாலத்தில் போகிறவன்,
பாயான் லெப்பாஸ் வரை கடல்காற்று,
உனக்கு வெள்ளியே அடிக்கலாம் என்று
சொல்லத் தயாராக இருந்தேன்.

"பாலம் இல்ல இனிமே" என்றான்.
பத்தொன்பதாம் தேதியோடு
அவன் லைனை மூடிவிட்டார்களாம்.
பதினொரு வருடம்.
இப்போது சாப்பாடு கொண்டுபோகிறான்.
கடை வாசலிலும் சிவப்பு விளக்கிலும்
எஞ்சின் அணையாமல் நிற்கிற வேலை.
"வீட்ல இன்னும் சொல்லல.
காலைல அதே நேரத்துக்குக் கிளம்பிடுறேன்."

சிரித்தான்.
சட்டை இஸ்திரி போட்டிருந்தது. தலை வாரியிருந்தது.
துப்பாக்கி மேசையில்தான் கிடந்தது.
நான் அதை எடுக்கவில்லை.

வெள்ளி வேண்டாம் என்றேன்,
அந்தச் சாயமே பாதி உலோகம்.
கம்பிப் புருசால் செவுள் ஒவ்வொன்றையும் சுரண்டி,
எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து,
மங்கல் கறுப்பு, ஒரே பூச்சு,
இடுக்குகள் அடையாமல்,
கண்ணாடியில் ஊதிய மூச்சு அளவுக்கு மெல்லிசாய்.

"அசிங்கமா இருக்கு."
இருக்கட்டும்.

காய்ந்ததும் ஸ்டார்ட் பண்ணி
அங்கேயே நிற்கவிட்டோம்.
வாயில்லாத வண்டி.
கொஞ்ச நேரத்தில்
அரையடி தள்ளிக் குந்தியிருந்த
என் முழங்காலிடம்
அது சொல்ல ஆரம்பித்தது.