உறையாதது

"எனக்கு இன்னாவோ ஆவப்போவுது டாக்டர்" என்றாள்
மோனிஷா.
மானிட்டரில் எல்லாமே நல்ல எண்கள்.
பயப்படாதம்மா என்றேன், கையுறையை மாட்டிக்கொண்டே.
அந்தச் சொல்லை இன்னும் திரும்ப வாங்க முடியவில்லை.

பிள்ளை பிறந்து நான்காவது நிமிடம்
உதடு நீலமானது.
ஒரு இருமல், பாதியில் நின்றது.
விரலில் மாட்டிய கிளிப்பில் தொண்ணூறு, எழுபது,
பிறகு வெறும் கோடு.

ராயபுரம், இரவு இரண்டே கால்.
வெளியே மீன் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் பீப் சத்தம்
மார்பை அழுத்தும் எங்கள் கணக்கைக்
கலைத்துக் கலைத்துப் போட்டது.

துடிப்பு திரும்பியது.
பின்னாலேயே ரத்தம்.

கர்ப்பப்பை கல்லாய் இறுகித்தான் இருக்கிறது.
கிழிசல் இல்லை. காய்ச்சல் இல்லை.
பத்து மாதத்தில் ஒருநாளும் பிரஷர் ஏறியதில்லை.
ஆனால் ஊசி குத்திய இடமெல்லாம் கசிகிறது,
நேற்று குத்திய இடம்கூட.

லேப் ரிப்போர்ட் வர ஒரு மணி நேரம்.
கண்ணாடிக் குழாயில் ஐந்து மில்லி எடுத்து
உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டார் கோமளவல்லி சிஸ்டர்.
ஏழு நிமிடம். ஆட்டக் கூடாது.
சாய்த்தார்.
ஓடியது.

இதைக் காட்டிக்கொடுக்க ஒரு பரிசோதனையும் கிடையாது.
மற்றதெல்லாம் இல்லை இல்லை என்று போன பிறகு
வார்டில் மிச்சம் நிற்பது இதன் பெயர்.
பரீட்சைக்கு ஒரே ஒரு பத்தி படித்திருந்தேன்.

தேசப்பன் காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறவன்.
கைலி முழங்கால் வரை ஈரம்.
"இன்னா சீக்கு?"
பனிக்குடத்துத் தண்ணி ரத்தத்துல கலந்துடுச்சு,
ரத்தம் உறைய மாட்டேங்குது.
பனி என்ற சொல்லில் அவன் நின்றுவிட்டான்.
தன் கைகளைப் பார்த்தான்.
யார் செஞ்ச தப்பும் இல்ல, என்றேன் அவசரமாக.
"எத்தினி பேரு ரத்தம் வோணும்?"

நாலு மணிக்குள் பதினோரு பேர்
செதில் ஒட்டிய கையோடு
ரத்த வங்கி வாசலில்.

இரண்டாவது குழாய். மூன்றாவது.
ஐந்தாவதைச் சாய்த்தபோது
அடியில் ஏதோ அசையாமல் இருந்தது.
யாரும் பேசவில்லை.
இன்னொரு முறை சாய்க்கச் சொன்னேன்.

கேஸ் ஷீட்டில் நோயின் பெயருக்கு முன்னால்
நான் போட்ட கேள்விக்குறி
டிஸ்சார்ஜ் அன்றும் அப்படியே இருந்தது.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினாள்.
"நாந்தான் அப்பவே சொன்னேன்ல."