பில் வந்த வீடு

ஏழு மாதமாக எங்கள் குழாயில்
காற்று மட்டும்தான் வருகிறது.
அதுவும் இரவு இரண்டு மணிக்கு மேல்
யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் ஒருதரம்,
அப்புறம் ஒன்றுமில்லை.
அந்தச் செருமலுக்கு அலுசைன் எழுந்துவிடுவான்.
வாளியைக் குழாயடியில் வைத்துவிட்டு
நின்றபடியே தூங்குவான்.

ஃப்ரீடவுனில் எங்கிருந்து பார்த்தாலும் கடல்.
எங்கள் மேட்டிலிருந்து இன்னும் நன்றாகவே தெரியும்.
மழையும் குறைவில்லை,
தகரத்தைப் போட்டு அடிக்கும், படிக்கட்டைப் பெயர்த்துக்கொண்டு போகும்.
தண்ணீரில்லாத ஊர் என்று ஒருவரும் சொல்லிவிட முடியாது.

கீழே, மசூதிக்குப் பின்னால், ஒரு பொதுக்குழாய்.
இறங்க நூற்றுப் பதினெட்டுப் படி.
ஏறும்போது நான் எண்ணுவதில்லை.
வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, மஞ்சள் கேன்கள் நிற்கின்றன.
எங்களுடையதன் கைப்பிடியில் சலாமத்துவின் ஊதா நகப்பூச்சு.
ஃபொடேயின் கேனில் ஒரு ஓட்டை, ஓட்டையில் சூயிங்கம்.
ராத்திரியில் ஒரு கேன் இடம் மாறினால் விடியும்போது சண்டை.
போன மார்ச்சில் ஒரு பல் போயிற்று.
யாருடையது என்று சொல்லமாட்டேன்,
அவள் இப்போதுதான் மறுபடி வாய்திறந்து சிரிக்கிறாள்.

இப்படியிருக்கையில் பில் வந்தது.

கொண்டுவந்தவர் கோக்கர்.
ஆபீஸ் சட்டையில் பொத்தான் ஒன்று குறைவு,
படியேறி வந்ததில் மூச்சு இரைத்தது.
குடிக்கத் தண்ணீர் கேட்டார்.
காசுக்கு வாங்கிய பாக்கெட் ஒன்று கொடுத்தேன்.
மூலையைக் கடித்துத் துப்பி, கடைசிச் சொட்டுவரை உறிஞ்சி,
பிறகு காகிதத்தை நீட்டினார்.

மாதக் கட்டணம். நிலுவை. தாமதத்துக்கு அபராதம்.
சிரித்துவிட்டேன்.
அவரும் சிரித்தார், பாவம், வேறென்ன செய்வார்.
"குழாய் இருக்கிறதா என்று கட்டம் இருக்கிறது அம்மா,
தண்ணீர் வருகிறதா என்று கட்டமில்லை."

அவர் இறங்கிப் போனதும் அடுப்பில் போடத்தான் எடுத்தேன்.
மேல்வரி கண்ணில் பட்டது.
ஹவானத்து டுரே.
ஒரு எழுத்துப் பிழையில்லை.
அடுத்து வீட்டு எண், அதன்கீழ் சந்தின் பெயர்.
எங்கள் சந்துக்குப் பெயர் உண்டென்று
அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

இரட்டையர் பிறந்த ராத்திரி
ஆம்புலன்ஸ்காரனிடம் போனில் நான் சொன்ன விலாசம்:
மாமரத்துக்கு மேலே, உடைந்த வேனுக்கு இடப்பக்கம்.
மாமரம் முந்தைய வாரக் காற்றில் விழுந்துவிட்டது,
வலியில் அது ஞாபகமில்லை.
அவன் மரத்தைத் தேடிக்கொண்டிருந்தபோதே
அலுசைன் வந்துவிட்டான், அல்ஹாசனும் வந்தான்.
அல்ஹாசன் இருக்கவில்லை.

கரண்ட் ஆபீஸில் மூன்றுமுறை திருப்பி அனுப்பியிருந்தார்கள்,
முகவரிக்குச் சான்று இல்லையென்று.
நான்காம் முறை இந்த பில்லோடு போனேன்.
ஜன்னலுக்குள் இருந்த பெண் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்,
முத்திரை குத்தினாள்.
பன்னிரண்டாம் நாள் சுவரில் மீட்டர்.

ஆகவே மாதாமாதம் கட்டுகிறேன்,
வராத தண்ணீருக்கு, எண்ணிவைத்த லியோன்களை.
நிறுத்திவிட்டால் பில் வராது,
பில் வராவிட்டால் நாங்கள் மறுபடி மாமரத்துக்கு மேலே.
கூரை ஒழுகுகிற நாட்களில்
முதலில் எடுத்துப் பத்திரப்படுத்துவது அந்த ரசீதுகளைத்தான்,
இரண்டு பிளாஸ்டிக் பைக்குள், நனையாமல்.

ஃபொடே வந்து கேட்டான்,
"எனக்கும் ஒரு பில் வருமா?"
அவன் வீட்டில் குழாயே இல்லை.

நேற்று பழைய இரும்புக்கடையிலிருந்து
முழ நீளத்தில் ஒரு குழாய் வாங்கிவந்திருக்கிறான்.
சிமெண்ட் குழைத்துச் சுவரில் பதித்து,
திருகு வைத்து, துரு போகத் தேய்த்து,
எட்டநின்று பார்த்தான்.
அந்தப் பக்கம் அது எதோடும் சேரவில்லை,
மண்ணுக்குள் நாலு விரல் போய் நிற்கிறது.

வியாழக்கிழமை கோக்கர் வருகிற நாள்.
"கீழே ஒரு வாளி வைக்கட்டுமா?" என்கிறான்.

வை, என்றேன்.
காலி வாளியாகப் பார்த்து வை.
அப்போதுதான் நம்புவார்.