சொல்லிக்கொண்டு

லாம்பர்ட்ஸ் பே. காலை ஐந்து இருபது.
பழைய மீன் ஆலையில் இப்போது உருளைக்கிழங்கு வறுக்கிறார்கள்.
அந்த எண்ணெய் வாடையைத் தாண்டிக்
கல் அணைமேல் நடந்தால் தீவு.
அதற்கு முன்பே அதன் நாற்றம் எதிர்கொண்டு வருகிறது:
தலைமுறைகளின் எச்சம், அழுகிய மத்தி, ஈரச் சிறகு.

மறைவறையின் பலகைத் துளையில்
லென்ஸை நுழைத்து உட்கார்கிறேன்.
ஒன்றும் தெரியவில்லை. இரைச்சல் மட்டும்.
கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனதுபோல்
ஆயிரம் பேர் ஒரே நேரத்தில்
அவரவர் ஆளைக் கூப்பிடும் இரைச்சல்.

வாரத்தில் ஆறு நாள் நான்
கேப் டவுனில் எக்ஸ்ரே எடுப்பவள்.
மூச்சை இழுங்க. பிடிங்க. ஆடாதீங்க.
நாளைக்கு அறுபது மார்புக்கூடு.
ஏழாம் நாள்
அதே மூன்று கட்டளை எனக்கு நானே.

வெளிச்சம் இங்கே கடலிலிருந்து வருவதில்லை.
முதுகுப்புறம், ஊர்ப்பக்கமிருந்து,
ஆலைப் புகைபோக்கியைச் சுற்றிக்கொண்டு வந்து
முதலில் தலைகளைத்தான் தொடுகிறது.
கேனட் பறவைகள்.
மஞ்சள் தேய்த்துக் குளித்துத் துவட்டாமல் வந்த தலைகள்.
கண்ணைச் சுற்றி
பள்ளிக்கூடப் பேனாவால் இழுத்த நீலக் கோடு.

கூடு எண்ணும் க்ளூட்டி வந்து பக்கத்தில் நிற்கிறான்.
ஒரு கையில் சொடுக்கி எண்ணும் கருவி,
மறு கையில் கோணிப்பை,
ராத்திரி சீல் கடித்துப் போட்டவை இரண்டு, அதற்குள்.
"அதோ, அலகை வானத்துக்குத் தூக்குது பாருங்க.
கிளம்பப் போகுது.
ஜோடிகிட்ட சொல்லாமக் கிளம்பாது."

கழுத்து நீள்கிறது, நீள்கிறது,
இனி நீள இடமில்லை என்னும் அளவுக்கு.
அப்படியே நிற்கிறது.

வாசலில் "போறேன்" என்றால் அதட்டும் வீடு எங்களுடையது,
சாட்ஸ்வர்த்தில்.
போயிட்டு வர்றேன்னு சொல்லு.
சொல்லிவிட்டு ஓடு.
குபேந்திரன் மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை
ஜோகன்னஸ்பர்க் கிளம்பியபோது
சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருந்தான்.
அதன் அடியில் தண்ணீர் பில். கட்டியிருந்தான், பாவம்.

பறவை ஓடுகிறது,
செருப்பு மாறிப் போட்டவன்போல், எல்லாரையும் இடித்துக்கொண்டு,
ஓடி, விழப்போய்,
விழாமல் காற்றாகிவிடுகிறது.

விரல் தானாக அழுத்தியிருக்கிறது.
திரையில் பார்க்கிறேன்: குவியம் தப்பு.
போகிறது மங்கல்.
இருப்பதின் ஒவ்வொரு இறகும் தெரிகிறது,
அலகோரத்து உப்புகூட.

அழிக்கலாமா என்று கட்டைவிரல் யோசிக்கையில்
க்ளூட்டி அந்த மேட்டைப் பார்த்து
ஒரு சொடுக்கு.

"ரெண்டும் இருக்கணும்னு இல்லையா?"

"ஒண்ணு இருந்தாப் போதும்," என்கிறான்.
"ஆள் இருக்கிற கூடுதான்."