ஆறில் மூன்று

புக்கிட் பாஞ்சாங் ரயிலுக்கு மரியாதை தெரியும்.
எங்கள் புளோக்கை நெருங்கும்போது
தன் சன்னல்களைத் தானே மங்கலாக்கிக்கொள்ளும்.
ஒன்பதாம் மாடியில் என் தங்கை
என்னைத் தூக்கி உட்காரவைப்பதை
எந்தப் பயணியும் பார்த்ததில்லை.

மதிப்பீட்டுக்கு வந்த மிஸ் சியூ லிங்குக்கு
அந்த வசதி இல்லை.
காலணியை வாசலில் கழற்றினார்,
டேப்லெட்டை மடியில் நிறுத்தி
மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கேட்டார்:
குளிப்பது? உடுத்துவது? உண்பது? கழிப்பறை?
வீட்டுக்குள் நகர்வது?
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவது?
இந்த ஆறில் மூன்று
முடியாமல் இருக்க வேண்டும்.
எப்போதும் முடியாமல்.

முந்தைய இரவே மாதங்கி சொல்லியிருந்தாள்:
"அக்கா, நாளைக்கு ஒரு நாள்
கெட்டிக்காரியா இருக்காத."

குளியல், முடியாது.
கழிப்பறை, முடியாது.
இரண்டு கைவசம்.
சக்கர நாற்காலி ஓடுகிறது, ஆகவே நகர முடியும்.
சட்டையைத் தலைவழி மாட்டிக்கொள்வேன்,
பொத்தான் இல்லாத சட்டையாக இருந்தால்.
பொத்தானைக் கண்டுபிடித்தவனை நான் குறை சொல்லவில்லை.
கட்டிலிலிருந்து நாற்காலிக்கு
பலகை போட்டுச் சறுக்கி
செவ்வாய்க்கிழமை போய்விட்டேன்.
புதன்கிழமை தரையில் கிடந்தேன்,
மாதங்கி பேருந்தை டிப்போவில் விட்டு வரும்வரை,
அலமாரிக்கு அடியில்
போன வருடம் தொலைந்த நகவெட்டியைப் பார்த்துக்கொண்டு.

"அப்படியானால், எப்போதும் இல்லையா?"
"புதன்கிழமைகளில் எப்போதும்" என்றேன்.
சிரித்தார். சிரித்ததற்கு வருந்தினார்.
படிவத்தில் கிழமைக்குக் கட்டம் இல்லை.

பிறகு கரண்டி.
ஏழு மாதம் பழகிய கரண்டி.
தொடக்கத்தில் கஞ்சி கழுத்துக்கு வெளியேதான் இறங்கும்.
"ஒருமுறை தூக்கிக் காட்டுங்கள்."
கொஞ்சம் நழுவவிட்டால் போதும்;
விரல்களும் தயாராகத்தான் இருந்தன.
நான் என்ன செய்ய?
எழுந்தது, உதட்டை அடைந்தது,
ஒரு சொட்டு சிந்தவில்லை, சனியன்.
"வெரி குட்" என்றார்.
மாதங்கி சமையலறைக்குப் போய்க்
குழாயை வேகமாகத் திறந்துவிட்டாள்.

ஐந்து வாரம் கழித்துக் கடிதம்.
புதன்கிழமையை ஏற்றுக்கொண்டார்களாம்.
மாதங்கியின் சம்பளத்தை இரண்டால் வகுத்து
ஒரு பாதியை என் கணக்கில் எழுதியிருந்தார்கள்.
அவளிடம் கேட்டுப் பார்த்தேன், தரவில்லை.
நான் கட்ட வேண்டிய பங்கு போக
வாரத்துக்கு ஆறு மணி நேரம்,
உதவியாளர் பெயர் கின் மார்.

அவரிடமும் ஒரு பட்டியல், பிளாஸ்டிக் உறைக்குள்.
என் துணியைத் துவைக்கலாம், வீட்டாருடையது கூடாது.
என் தட்டைக் கழுவலாம்.
எனக்கு மட்டும் சோறு வைக்கலாம்,
அரை டம்ளர் அரிசி,
எட்டுப் பேர் குக்கரில்.
முதல் நாள் சலவைக்கூடையைக் கவிழ்த்து
ஒவ்வொன்றாகத் தூக்கிக் கேட்டார்:
"யூ? சிஸ்டர்?"
பதினாறு வயதிலிருந்து நானும் அவளும்
ஒரே டி-சட்டைகளுக்குச் சண்டை போடுகிறோம்.
நீல நிறத்தது யாருடையது என்று
எங்களுக்கே தீர்ப்பு ஆகவில்லை.
அவள் சீருடை மட்டும்
சந்தேகத்துக்கு இடமில்லாமல்
தரையில் தனியாகக் கிடந்தது, பெயர்ப்பட்டையோடு.

கின் மார் அதைப் பார்த்தார்.
பட்டியலைப் பார்த்தார்.
என் நாற்காலியின் சக்கரங்களைப் பார்த்தார்.
"யூ, பஸ் டிரைவர்?"
"நைட் ஷிப்ட்" என்றேன்.
சலவை இயந்திரத்தின் கதவு மூடிக்கொண்டது.

இரவு பதினொன்றரைக்கு
மாதங்கி வரும் ரயில் எங்கள் சன்னலைக் கடக்கும்.
மங்கிய கண்ணாடிக்குப் பின்னால்
தினமும் கையசைப்பதாகச் சொல்கிறாள்.
நான் கண்டதில்லை.
இருந்தும், கைக்கு அகப்படுவதைத் தூக்கிக் காட்டுவேன்,
பெரும்பாலும் கரண்டியை,
நல்ல நாள்களில்.
மற்ற நாள்களில் புருவத்தை.